ஆளை எண்ணுவதா, குழாயை எண்ணுவதா? மும்பை பஸ்திகளில் கணக்கெடுக்க நான்கு வழிகள்

மும்பையில் தாராவி, சீட்டா கேம்ப், ஆன்டாப் ஹில் போன்ற இடங்களின் பஸ்திகளில் (குடிசைப் பகுதிகளில்) ஒரு சங்கமோ மகளிர் குழுவோ “நம்ம ஏரியாவுக்கு நாமே கணக்கெடுத்து மாநகராட்சி வார்டு ஆபீஸில் கொடுப்போம்” என்று கிளம்பினால், முதலில் அச்சாவது வீடு வீடாக நிரப்பும் படிவம்தான். பெயர், வயது, சாதி, வருமானம், ரேஷன் கார்டு எண், சொந்த ஊர் என்று நாற்பது கேள்வி. பாதி வீடு முடிவதற்குள் பையன்களுக்குப் பரீட்சை வந்துவிடும். மீதி வீடுகள் அப்படியே நிற்கும். நிரப்பிய படிவங்கள் சங்க அலமாரியில் தூங்கும். இத்தனைக்கும் அந்தக் குழு கேட்க நினைத்தது இரண்டே விஷயம்: கழிப்பறை போதவில்லை, கடைசிக் கல்லிக்கு (சந்துக்கு) தண்ணீர் வரவில்லை. இரண்டுக்கும் யாருடைய வருமானமும் தேவையில்லை.

எந்தக் கணக்கை எடுப்பது என்பதை, அதைப் படித்து முடிவெடுக்கப் போகிறவர் யார் என்பதிலிருந்து பின்னோக்கி யோசிக்க வேண்டும். வார்டு ஆபீஸின் ஜூனியர் இன்ஜினியருக்கு வேண்டியது எந்த இடத்தில், எத்தனை, எவ்வளவு பழுது என்பது. மறுகுடியமர்வு அதிகாரிக்கு வேண்டியது பெயரும் ஆதாரமும். பட்ஜெட் போடுகிறவருக்கு வேண்டியது ஒரு விகிதம். மூன்றையும் ஒரே படிவத்தில் திணித்தால் மூவருக்கும் உதவாது.

கையில் உள்ள வழிகள் நான்கு: அரசாங்கத்திடம் ஏற்கெனவே இருப்பதைக் கேட்டு வாங்குவது, வசதிகளை எண்ணுவது, மாதிரி வீடுகளைக் கேட்பது, எல்லா வீட்டையும் பதிவது. பெரும்பாலான பஸ்திகளுக்கு இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துச் செய்வதே சரி. நான்காவது ஒரே ஒரு சூழ்நிலைக்கு உரியது. முதலாவது தனியாக நிற்காது, ஆனால் அதைச் செய்யாமல் எதையும் தொடங்கக் கூடாது.

கணக்கே எதற்கு, சென்சஸ் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கடைசியாக முடிந்த சென்சஸ் 2011-இல் எடுத்தது. அப்போது மும்பையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மக்கள் குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள். அடுத்ததற்கு 2026-இல் வீட்டுப் பட்டியல், 2027 பிப்ரவரியில் ஆள் எண்ணிக்கை என்று அறிவிப்பு வந்தது. அதன் முடிவு வந்தாலும், ஒரு கல்லியில் எத்தனை குழாய் ஒழுகுகிறது என்று அதில் இருக்காது.

முதலில் அரசிடம் இருப்பது

தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில். மகாராஷ்டிராவில் ஒரு மனு ஒரே பொருளைப் பற்றியும் 150 சொற்களுக்குள்ளும் இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் ‘தண்ணீர், கழிப்பறை, நாலா (வடிகால்), விளக்கு எல்லாவற்றின் விவரமும் தரவும்’ என்று எழுதினால், அந்த விதியைக் காட்டியே திருப்பி அனுப்புவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மனு போடுங்கள். கேட்க வேண்டியது கருத்தை அல்ல, ஆவணத்தை: இந்த வார்டில் உள்ள பொதுக் கழிப்பறைகளின் பட்டியல், ஒவ்வொன்றிலும் உள்ள சீட் எண்ணிக்கை, கட்டிய ஆண்டு, கட்டிய துறை, நடத்தும் அமைப்பின் பெயர், கடைசியாகப் பழுதுபார்த்ததற்கான ஒர்க் ஆர்டர். “ஏன் சுத்தம் செய்யவில்லை” என்பது தகவல் கேள்வி அல்ல. அதற்குப் பதில் வராது.

இதைவிட வேகமான ஒன்றும் உண்டு. உள்ளாட்சி அலுவலகங்களில் திங்கள்கிழமை பிற்பகல் 3 முதல் 5 வரை கோப்புகளைப் பொதுமக்கள் நேரில் பார்க்கலாம் என்று மாநில அரசு 2018-இல் சுற்றறிக்கை விட்டது. மராத்தி சரளமாகப் படிப்பவர் ஒருவர் கூடப் போக வேண்டும்.

மாநகராட்சியின் 1916 என்ற புகார் தொலைபேசி எண்ணில் பதிவாகும் புகார்களை நம்பித் திட்டம் போடுவது ஆபத்து. புகார் எண்ணிக்கை சொல்வது யார் போன் செய்தார்கள் என்பதை மட்டுமே. மிக மோசமான கல்லிகளில்தான் பெரும்பாலும் புகாரே இருக்காது. பத்து முறை சொல்லிப் பார்த்து அலுத்தவர்கள் அவர்கள். ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடிய புகாரை நேரில் சரிபார்ப்பதற்கு மட்டும் அந்தப் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள்.

வசதிக் கணக்கு

இதில்தான் அதிகப் பலன். பெயர் கேட்பதில்லை, எந்த ஆண்டு வந்தாய் என்று கேட்பதில்லை. அதனால் கதவு மூடப்படாது, பொய்யும் வராது. இருவர் கொண்ட ஒரு அணி ஒரு காலையில் சுமார் ஐந்தாறு கல்லிகளை முடிக்கும். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் போனிலோ தாளிலோ பதிவார்.

கழிப்பறையில் தொடங்குங்கள். ‘சீட் எத்தனை’ என்பது ஒரு எண் அல்ல, நான்கு எண்: கட்டியது, திறந்திருப்பது, கதவும் தாழ்ப்பாளும் உள்ளது, இந்த நிமிடம் அடைப்பில்லாமல் ஓடுவது. பெண்கள் பக்கமும் ஆண்கள் பக்கமும் தனித்தனியாக. பராமரிப்பவரைக் கேட்டால் ‘எல்லாம் சாலூ’ (ஓடுகிறது) என்பார். சாமான் வைத்துப் பூட்டிய சீட்டும் அந்த ‘எல்லாம்’ கணக்கில் வந்துவிடும். ஒவ்வொரு கதவையும் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பெண்கள் பக்கத்தைப் பெண்களே எண்ண வேண்டும். சீட்டோடு சேர்த்து விளக்கு, தண்ணீர், நாப்கின் போடும் தொட்டி, இரவில் பூட்டும் நேரம், கட்டணம், கழிவு போவது சாக்கடைக் குழாய்க்கா செப்டிக் டேங்குக்கா என்பதையும் எழுதுங்கள். டேங்க் என்றால் கடைசியாக எப்போது காலி செய்தார்கள் என்பதும் வேண்டும். மழைக்காலத்தில் சீட்டுகள் திடீரென்று மூடப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

தூய்மை இந்தியா திட்டத்தின் நகர்ப்புற வழிகாட்டி, சமுதாயக் கழிப்பறைக்கு 35 ஆண்களுக்கு ஒரு சீட், 25 பெண்களுக்கு ஒரு சீட் என்கிறது. மும்பையின் பழைய குடிசைப் பகுதி சுகாதாரத் திட்டத்தில் 50 பேருக்கு ஒன்று. எந்த அளவை வைத்துக் கேட்கிறோம் என்று எழுதாவிட்டால் எதிர்த்தரப்பு தனக்குச் சாதகமானதை எடுத்துக்கொள்ளும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வீட்டிலேயே கழிப்பறை உள்ளவர்களைக் கழித்தபின் 900 கதவு, சராசரி 4.6 பேர் என்றால் 4,140 பேர். ஆணும் பெண்ணும் பாதிப்பாதி என்று வைத்தால், பெண்களுக்கு 83, ஆண்களுக்கு 60, மொத்தம் 143 சீட் வேண்டும். 50 பேருக்கு ஒன்று என்றால் 83 போதும். ஏட்டில் உள்ளது 64, ஓடுவது 46 என்றால், ஏட்டின்படி சீட்டுக்கு 65 பேர், உண்மையில் 90 பேர். இந்த 65-க்கும் 90-க்கும் நடுவில் உள்ள வித்தியாசம்தான் உங்கள் மனுவின் முதல் வரி. அதில் இன்னொரு நன்மையும் உண்டு: 18 சீட்டைப் பழுதுபார்ப்பதற்குப் புதிய நிலம் வேண்டாம். இன்ஜினியரால் உடனே ‘சரி’ என்று சொல்ல முடிகிற கோரிக்கை அது.

தண்ணீருக்கு ‘பிரஷர் கம்மி’ என்று எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். 20 லிட்டர் கேனும் போனில் உள்ள ஸ்டாப்வாட்ச்சும் போதும். கேன் நிரம்ப 60 நொடி ஆனால் நிமிடத்துக்கு 20 லிட்டர். இரண்டு மணி நேரம் தண்ணீர் விட்டால் 2,400 லிட்டர். ஐந்து குடும்பம் பங்கிடும் குழாய், 23 பேர் என்றால் ஆளுக்கு 104 லிட்டர். அதே கேனுக்கு 150 நொடி ஆனால் 960 லிட்டர், ஆளுக்கு 42. குடிசைப் பகுதிகளுக்கு மாநகராட்சி வைத்துவந்த 45 லிட்டர் அளவுக்கே இது கீழே. சாக்கடைக் குழாய் உள்ள நகரங்களுக்கு மத்திய அரசின் பொறியியல் கையேடு சொல்வதோ 135. ஏட்டில் ஐந்து குடும்பம் என்றிருக்கும் குழாயில் எட்டுக் குடும்பம் பிடிக்கும். உண்மையான எண்ணையே எழுதுங்கள்.

இதில் தவறு நடப்பது மோட்டாரால். கல்லியின் நடுவில் யாரோ லைனில் நேராக மோட்டார் போட்டிருந்தால் கடைசிக் குழாய் வறண்டுவிடும். கல்லியின் முதல் குழாய், நடுக் குழாய், கடைசிக் குழாய் மூன்றிலும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். மூன்றுமே குறைவு என்றால் மெயின் குழாயில் குறை. மாநகராட்சி செய்ய வேண்டிய வேலை. முதலில் நன்றாக வந்து கடைசியில் இல்லை என்றால் குறை கல்லிக்குள். துருப்பிடித்த குழாயாகவும் இருக்கலாம், மோட்டாராகவும் இருக்கலாம். அதைக் கல்லிக்காரர்கள் தங்களுக்குள் பேசித் தீர்க்காமல் வார்டு ஆபீஸுக்குப் போனால் அங்கே முகம்தான் சுருங்கும். ஒரே நாள் அளவு போதாது. வார நாள் இரண்டு, ஞாயிறு ஒன்று என்றாவது எடுங்கள்.

எந்த ஆண்டு முதல் இருக்கிறீர்கள் என்ற கேள்வியைக் குழாய்ப் படிவத்தில் யாராவது சேர்க்கப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். 2000-க்குப் பின் வந்த குடிசை என்பதற்காகத் தண்ணீரை மறுக்கக் கூடாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொல்லிவிட்டது. 2022-இல் மாநகராட்சியும் ‘அனைவருக்கும் தண்ணீர்’ கொள்கையை அறிவித்தது. தேவையில்லாத அந்தக் கேள்வி பயத்தை மட்டும்தான் கொண்டுவரும்.

வடிகாலை மழைக்கு முன்பும், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் பார்க்க வேண்டும். மழைக்கு முந்தைய தூர்வாரலை மே 31-க்குள் முடிப்பதுதான் மாநகராட்சியின் வழக்கமான கெடு. ஆகவே தூர்வாரலுக்கு முன் ஒரு படம், பின் ஒரு படம், முதல் பெரிய மழையில் சுவரில் சாக்பீஸால் நீர்மட்டக் குறி, தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்ற அளவு. மாகிம் கழிமுகத்துக்கும் மித்தி ஆற்றுக்கும் பக்கத்தில் உள்ள கல்லிகளில் அன்றைய கடலேற்ற நேரத்தையும் எழுதுங்கள். ஏற்ற நேரத்தில் மட்டும் தண்ணீர் நின்றால் அதற்குத் தூர்வாரல் மருந்தாகாது.

வரைபடம் என்றதும் எல்லோரும் ஜிபிஎஸ் பக்கம் ஓடுகிறார்கள். இரண்டு மீட்டருக்கும் குறைந்த கல்லி, இருபுறமும் மாடி, மேலே தார்ப்பாய் என்றால் போன் காட்டும் புள்ளி 10, 20 மீட்டர் தள்ளி விழும். அதாவது அடுத்த கல்லியில். கோபோ டூல்பாக்ஸ், ஓடிகே போன்ற கணக்கெடுப்புச் செயலிகள் இணையம் இல்லாமலும் பதிவுசெய்யும், படிவத்தைத் தமிழிலும் வைக்கலாம். பயன்படுத்துங்கள், ஆனால் இடத்தை ஜிபிஎஸ் சொல்லும் என்று விட்டுவிடாதீர்கள். செயற்கைக்கோள் படத்தை ஏ3 தாளில் அச்சிட்டு, கல்லிகளுக்கு எண் போட்டு, வசதிக்கும் எண் கொடுங்கள்: கல்லி 7, குழாய் 3, அதாவது 7-கு-3. கோயில், மசூதி, ரேஷன் கடை ஆகியவை அடையாளக் குறிகள்.

படிவத்தில் ஒரு பத்தியை எல்லோரும் மறக்கிறார்கள்: நிலம் யாருடையது, கட்டியது யார். மாநகராட்சி, மாடா (மாநில அரசின் வீட்டுவசதி அமைப்பு), கலெக்டர், ரயில்வே, தனியார் என்று ஒரே பஸ்திக்குள் நான்கைந்து உரிமையாளர்கள் இருப்பது மும்பையில் சாதாரணம். ரயில்வே நிலத்தில் கழிப்பறை கேட்டு வார்டு ஆபீஸுக்கு மனு போட்டால் ‘எங்கள் அதிகாரத்தில் இல்லை’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். மாடா கட்டியதைப் பழுதுபார்ப்பது யார் என்ற இழுபறியிலேயே பல சீட்டுகள் மூடிக் கிடக்கின்றன.

மாதிரி வீடுகள்

வசதிக் கணக்குக்கு ஒரு வகுக்கும் எண் வேண்டும்: எத்தனை பேர். அதற்கு எல்லா வீட்டையும் கேட்க வேண்டாம். கதவுகளை மட்டும் எண்ணிவிட்டு, பத்தில் ஒரு கதவைத் தட்டினால் போதும். 900 கதவில் 95 சத நம்பிக்கையோடு பத்துப் புள்ளி ஏறஇறங்கச் சொல்ல 87 வீடு போதும். அதை ஐந்து புள்ளியாகக் குறைக்க 270 வீடு வேண்டும். மூன்று மடங்கு உழைப்பு. ‘60 சதம் பேர் வெளிக் கழிப்பறை’ என்பது உண்மையில் 50-ஆ 70-ஆ என்பதால் இன்ஜினியரின் முடிவு மாறப்போவதில்லை. 90 வீட்டோடு நிறுத்துங்கள்.

கதவு என்றால் கட்டடம் அல்ல. கீழே ஒரு குடும்பம், வெளியில் சாய்த்த இரும்பு ஏணி வழியாக மேலே ஒரு குடும்பம், போட்மாலாவில் (பரண் அறையில்) நான்கு இளைஞர்கள் வாடகைக்கு என்றால் அது மூன்று கதவு. ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்பது சென்சஸ் விதி. மெஸ்ஸில் சாப்பிடும் இளைஞர்களுக்கு அது பொருந்தாது. அவர்களை ஒரு அறை, ஒரு கணக்கு என்று முன்கூட்டியே முடிவுசெய்து எல்லா அணிக்கும் சொல்லிவிட வேண்டும்.

1 முதல் 10-க்குள் ஒரு எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, அந்தக் கதவிலிருந்து பத்துப் பத்தாகப் போக வேண்டும். பூட்டியிருந்தால் இரவு எட்டு மணிக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை. பக்கத்து வீட்டைக் கேட்டுக்கொண்டு வந்துவிடக் கூடாது. பகலில் பூட்டிக் கிடப்பது கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடு. அவர்களுக்குத் தண்ணீர் பிடிக்கும் நேரமே வேறு, சிரமமும் வேறு. ஏப்ரல், மே மாதங்களில் இந்த வேலையே வேண்டாம். திருநெல்வேலி, தூத்துக்குடி வண்டிகளில் பாதிக் கல்லி ஏறியிருக்கும்.

மாதிரி எடுப்பின் பலவீனத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே கல்லியில் பத்து வீட்டைக் கேட்டால் பத்துப் பதில் வந்த மாதிரி தோன்றும். ஒரே குழாயில் பிடிப்பவர்கள் என்பதால் உண்மையில் ஒன்றிரண்டு பதிலுக்குத்தான் சமம். அதனால் தண்ணீரையும் வடிகாலையும் மாதிரியில் கேட்கவே வேண்டாம், அதைக் கல்லி கல்லியாக அளந்தாயிற்று. வீட்டில் கேட்க வேண்டியவை வீட்டுக்கு வீடு மாறுபவை மட்டும்: எத்தனை பேர், வீட்டில் கழிப்பறை உண்டா, தண்ணீருக்கு மாதம் எவ்வளவு செலவு, இரவில் பெண்கள் வெளிக் கழிப்பறைக்குப் போகிறார்களா, குழந்தைகள் எங்கே போகிறார்கள். பன்னிரண்டு கேள்வி, பத்து நிமிடம். அதற்கு மேல் போனால் பதில்கள் ‘ஆமா ஆமா’ என்று மாறிவிடும்.

எல்லா வீடும் எப்போது?

வீட்டின் பெயரில் உரிமை தீர்மானிக்கப்படும்போது மட்டும். மும்பையில் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1976 ஜனவரியில் மாநில அரசு குடிசைகளை எண்ணி போட்டோ பாஸ் (புகைப்பட அடையாள அட்டை) கொடுத்தது. எண்ணிக்கையில் வந்தவர்களுக்கு ஒரு பிடிமானம், விட்டுப்போனவர்களுக்கு எதுவும் இல்லை. 1985-இல் நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த அதே ஆண்டில், ஸ்பார்க் என்ற தன்னார்வ அமைப்பு நடைபாதைக் குடும்பங்களைத் தானே கணக்கெடுத்தது. அரசு ஏட்டில் இல்லாதவர்கள் முதல்முறையாக எண்ணாக வந்தார்கள். பின்னாளில் ஸ்பார்க்கோடு கைகோத்த தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பை நடத்தியவர், கோலார் தங்கவயலில் பிறந்து மும்பைக்கு வந்த ஜோக்கின் அற்புதம். மக்களே தங்களை எண்ணுவது என்ற முறை அங்கிருந்துதான் பல நாடுகளுக்குப் போனது.

தாராவியில் 2024 மார்ச்சில் தொடங்கிய மறுசீரமைப்புக் கணக்கெடுப்பைப் பொறுத்தவரை, 2000 ஜனவரி 1-க்கு முந்தைய தரைத்தள வீடு ஒரு வகை, மாடிக் குடித்தனம் வேறு வகை. அப்படிப்பட்ட நேரத்தில் குழு தன் சார்பில் ஒரு முழுப் பட்டியல் வைத்திருப்பது, விட்டுப்போனவர்கள் எதிர்த்துக் கேட்க உதவும். ஆனால் அதே நேரத்தில் கேள்விகளுக்கு நேரான பதில் வராது என்பதையும் எதிர்பார்க்க வேண்டும். வாடகைக்கு விட்டவர் குடித்தனக்காரரை மறைப்பார், குடித்தனக்காரர் பயந்து கதவைத் திறக்க மாட்டார். இந்தக் காலத்தில் எடுத்த தலைக்கணக்கை வைத்துக் கழிப்பறை எண்ணிக்கை போட்டால் இரண்டுமே கெடும். இரண்டையும் வேறு வேறு மாதத்தில், வேறு வேறு படிவத்தில் செய்யுங்கள்.

வேலை அளவு இதுதான்: ஒரு அணி ஒரு நாளில் 15 முதல் 20 வீடு. 900 வீட்டுக்குச் சுமார் 50 அணி-நாள், பூட்டிய வீடுகளுக்கு மறுபடி போகக் கூடுதலாகப் பத்துப் பதினைந்து. கதவில் பெயிண்டால் எண் போட்டு, நீள அகலம் அளந்து, வீட்டுக்காரர் கையொப்பம் வாங்க வேண்டும். முடிந்ததும் எண், அளவு, குடும்பத் தலைவர் பெயர் ஆகிய மூன்றை மட்டும் கல்லி முனையில் ஒரு வாரம் ஒட்டித் திருத்தம் கேட்க வேண்டும். ஒட்டிக் காட்டாத பட்டியலை அந்தக் கல்லியே நம்பாது.

தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய தொல்லை ஒன்று பெயரில் இருக்கிறது. அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறவர்கள் நாம். மராத்திப் படிவம் குடும்பப் பெயர் கேட்கும். அதனால் ரேஷன் கார்டில் ஒரு விதம், ஆதாரில் ஒரு விதம், மின் கட்டண ரசீதில் ஒரு விதம் என்று ஒரே முருகன் மூன்று ஆளாக இருப்பார். தமிழில் எழுதி, ஆங்கிலமாக்கி, மராத்திக்கு மாற்றினால் நான்காவது ஆளும் பிறந்துவிடுவார். எந்த ஆவணத்தைக் காட்டுகிறாரோ அதில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து படியெடுங்கள். எந்த ஆவணம் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். ஆதார் எண்ணை எழுத வேண்டாம், அட்டையைப் படமெடுக்கவும் வேண்டாம். ஆவணத்தின் நகல் அந்த வீட்டிலேயே இருக்கட்டும். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் கேட்பது ஒரு பக்கம். அதைவிட, சங்கத்தில் நாளை பிளவு வந்தால் அந்தப் பட்டியல் யார் போனில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொடுப்பது எப்படி

தமிழில் கணக்கெடுக்கலாம், மனு மராத்தியில் இருக்க வேண்டும். இரண்டு பக்கம், ஒரு வரைபடம், ஒரு அட்டவணை. படிவக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தண்ணீருக்கு ஒரு மனு, கழிப்பறைக்கு ஒன்று, வடிகாலுக்கு ஒன்று என்று அந்தந்தப் பிரிவுக்குத் தனியாக எழுதி, உதவி ஆணையருக்கு நகல் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் ஆவக் எண்ணும் (மனுவைப் பெற்றதற்கான பதிவு எண்) முத்திரையும் வாங்காமல் திரும்ப வேண்டாம். மாநகராட்சி பட்ஜெட் வழக்கமாகப் பிப்ரவரியில் வருகிறது. ஜனவரியில் போகும் மனு அடுத்த ஆண்டுக்குத்தான். மழை முடிந்ததும் கணக்கைத் தொகுத்து தீபாவளிக்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. 2022 மார்ச்சில் மாமன்றத்தின் காலம் முடிந்து நிர்வாகி கையில் நகரம் இருந்த ஆண்டுகளில் பல பஸ்திகளுக்கு மனுவை எடுத்துப் போக நகர்சேவக்கே (கவுன்சிலரே) இல்லை. அப்போதும் ஆவக் எண் வேலை செய்தது.

‘வேலை முடிந்தது’ என்று பதில் வந்தால், 7-கு-3 குழாயில் அதே மணிக்கு அதே 20 லிட்டர் கேனை வைத்து நொடியை எண்ணுங்கள். 150 நொடி 140 ஆகியிருந்தால், பழைய ஆவக் எண்ணை மேலே போட்டு இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி இரண்டாவது மனு.